திறந்த மடல்

ஒகேனக்கல்லில் காவிரி பாறைகளுக்கிடையே நுழைந்து புகையென நீர்த்துளி எழுப்பிப் பாயும் இடத்திற்கு நம்மில் பலர் சென்றிருப்போம். அங்கே பரிசலில் ஏறி அமரும் எவரும் முதற்கணத்தில் சற்றே அஞ்சுவர். அந்தக் கலத்திற்கு முன்பக்கம் என்றும் பின்பக்கம் என்றும் ஒன்றில்லை. மூங்கிற் பிளாச்சுகளை வட்டமாகப் பின்னி, அடிப்புறத்தில் அந்நாளில் தோலும் இந்நாளில் நெகிழித் தாளும் போர்த்தித் தார் பூசிய ஒரு பெரிய கூடை, அவ்வளவே. ஆனால் அந்தப் பேராற்றின் பாறைகளுக்கு நடுவே கூரிய முனையுள்ள படகு மோதி உடையும் இடத்திலும் பரிசல் சுழன்று விலகிச் செல்கிறது. ஆழமற்ற நீரிலும் மிதக்கிறது. கரையேறியதும் ஒருவரே அதைத் தலைமேல் கவிழ்த்துச் சுமந்து போகிறார்.

சில ஆண்டுகளுக்கு முன்பு பங்கின் பீடச் சிறுவர்களை அங்கே அழைத்துச் சென்றிருந்தோம். கரையில் கவிழ்த்து வைத்திருந்த பரிசலின் பின்னலைத் தடவிப் பார்த்த ஒரு சிறுவன், இதை முதன்முதலில் செய்தவர் யார் என்று நம்மைக் கேட்டான். யாரோ ஒரு பெரியவர் என்று கூறி அவனை நகர்த்தினோம். அந்த விடை அவனுக்கும் நிறைவளிக்கவில்லை, நமக்கும் நிறைவளிக்கவில்லை. அந்தக் கேள்வியைத் தொடர்ந்து சென்றபோது நாம் கற்றவற்றையே இக்கட்டுரையில் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

இன்று ஒருவர் புதிய கருவி ஒன்றைக் கண்டுபிடித்தால் அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பிக்கலாம். அவர் அனுமதியின்றி விண்ணப்ப நாளிலிருந்து 20 ஆண்டுகள் வரை பிறர் அதைச் செய்து விற்க இயலாது. நம் மொழியில் இதனைக் ‘காப்பு’ என்றும் ‘உரிமை’ என்றும் சேர்த்து வழங்குகிறோம். சொல்லைக் கேட்டவுடன் பூட்டிய பெட்டி ஒன்று மனக்கண்ணில் தோன்றுகிறது. ஐரோப்பிய மொழிகளில் இதற்கு வழங்கும் ‘பேட்டன்ட்’ என்ற சொல்லின் வேரோ இதற்கு நேர்மாறான பொருள் தருவது. ‘லித்தெரே பத்தெந்தெஸ்’ என்னும் இலத்தீன் தொடரின் பொருள் ‘திறந்த மடல்கள்’ என்பதாகும். மடித்து முத்திரையிட்டு ஒருவருக்கு மட்டும் அனுப்பப்படும் மடலைப்போலன்றி, எல்லாரும் படிக்குமாறு விரித்து வைத்து, அடியில் முத்திரை தொங்கவிட்டு மன்னர்கள் வெளியிட்ட மடல்கள் அவை.

பெயரில் உள்ள இப்பொருள் சட்டத்திலும் உண்டு. காப்புரிமை கேட்பவர் தம் கருவி எவ்வாறு அமைந்துள்ளது, எவ்வாறு இயங்குகிறது என்பதை, அத்துறை அறிந்த பிறர் படித்துச் செய்துகொள்ளும் அளவுக்கு, வரைபடத்தோடு எழுதித் தர வேண்டும். அவ்வெழுத்து யாவரும் பார்க்க வெளியிடப்படுகிறது. காலம் முடிந்ததும் கருவி பொதுவுடைமையாகிறது. ‘நீ உன் அறிவை மறைக்காமல் சொல், உன் உழைப்புக்கு உரிய பயனைச் சிறிது காலம் நாங்கள் காத்துத் தருகிறோம், பின்னர் அது அனைவருக்கும் ஆகட்டும்’ என்று சமுதாயம் கண்டுபிடிப்பாளரோடு செய்துகொள்ளும் உடன்படிக்கை அது. 1474ஆம் ஆண்டிலேயே வெனிஸ் குடியரசு புதிய கருவி செய்வோருக்குப் பத்தாண்டுப் பாதுகாப்பு அளிக்கும் சட்டம் ஒன்றை இயற்றியது. கைவினைக் கூட்டங்கள் தம் தொழில் நுணுக்கங்களை மறைபொருளாகக் காத்துவந்த காலம் அது.

நம் நாட்டில் இத்தகைய முதற்சட்டம் 1856இல் வந்தது. அவ்வாண்டு மார்ச் 3ஆம் நாள், கல்கத்தாவில் வாழ்ந்த ஜார்ஜ் ஆல்ஃபிரட் டிபென்னிங் என்னும் பொறியாளர் முதல் விண்ணப்பத்தை அளித்தார். அவர் கண்டுபிடித்தது என்ன? போர்க்கருவியா, நீராவி எந்திரமா? இல்லை. பங்கா இழுக்கும் பொறி! வெள்ளையர் மாளிகைகளின் கூரையில் தொங்கிய பெரிய துணி விசிறியைக் கயிறு கட்டி இழுக்க ஒரு வேலையாள் அந்நாளில் இரவெல்லாம் திண்ணையில் அமர்ந்திருப்பார். தம் கைகளால் எழுப்பிய காற்று தம்மேல் படாத ஏழை அவர். இந்தியாவில் காப்புரிமை வரலாறு அந்தக் கயிற்றிலிருந்து தொடங்குகிறது என்பது நம்மைச் சிந்திக்க வைக்கிறது. அப்பொறி யாருக்காக எண்ணப்பட்டது? உள்ளே உறங்குபவரின் காற்று தடைபடாமல் இருக்கவா, வெளியே இழுப்பவரின் கை ஓயவா? ஒவ்வொரு கண்டுபிடிப்பையும் நோக்கி நாம் இக்கேள்வியைக் கேட்டாக வேண்டும்.

அக்கேள்விக்கு நல்ல விடை தந்தவர்களும் உண்டு. 1867இல் பம்பாயில் பிறந்த சங்கர் ஆபாஜி பிசே என்பவர் அச்செழுத்து வார்க்கும் பொறியால் புகழ்பெற்றவர். ஆயினும் அவருக்கு முதலில் பெயர் தேடித் தந்தது ஒரு மளிகைக் கடைத் தராசு. மாவும் சர்க்கரையும் தானே நிறுத்துத் தரும் கருவியொன்றை வரைந்து அனுப்பி, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டன் இதழ் ஒன்று நடத்திய போட்டியில் ஆங்கிலேயரை வென்று பரிசு பெற்றார். தாதாபாய் நௌரோஜி அவருக்குத் துணைநின்றார். பற்பல துறைகளில் காப்புரிமைகள் பெற்ற பிசே 1935இல் நியூயார்க் நகரில் காலமானார். எடையில் ஏமாறுபவர் எப்போதும் ஏழையே என்பதைக் கருதினால், சரியாக நிறுக்கும் தராசும் நீதியின் கருவியே என்பது விளங்கும்.

நம் தமிழ்நாட்டில் இவ்வகையில் முதலில் நினைக்கத்தக்கவர் கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு. கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் 1893 மார்ச் 23ஆம் நாள் உழவர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். பள்ளிப் படிப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. தொடக்க வகுப்புகளோடு அது நின்றுபோயிற்று. ஒரு நாள் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைக் கண்டார். குதிரையும் மாடும் இன்றித் தானே ஓடும் வண்டி அவர் உள்ளத்தைக் கொள்ளைகொண்டது. கோவைக்குச் சென்று உணவு விடுதியில் பரிமாறும் வேலை பார்த்தார். கூலியைச் சிறுகச் சிறுகச் சேர்த்து 300 ரூபாய் கொடுத்து அந்த வண்டியையே வாங்கினார். வாங்கியவர் அதை ஓட்டிக் களிப்பதோடு நிற்கவில்லை. அக்கு அக்காகக் கழற்றி மீண்டும் பூட்டினார். அதுவே அவருக்குப் பள்ளிக்கூடம்.

1920ஆம் ஆண்டு, கோவையின் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ் துரையின் உதவியோடு ஒரு பேருந்து வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டத் தொடங்கினார். அந்த ஒற்றைப் பேருந்து பின்னர் யு.எம்.எஸ். என்னும் பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. செல்வம் வந்தது, வெளிநாட்டுப் பயணங்களும் வந்தன. ஆனால் அவர் கைகள் ஓயவில்லை. உலர் மின்கலத்தால் இயங்கும் ‘ரேசண்ட்’ சவரக் கருவி, மிக மெல்லிய சவர அலகு, திரைப்படக் கருவியில் தொலைவைச் சரிசெய்யும் அமைப்பு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயால் சுழலும் விசிறி, மோசடிக்கு இடமளிக்காத வாக்குப்பதிவுப் பொறி என அவர் செய்தவற்றின் பட்டியல் நீளும். ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குச் செய்து தர இயலும் என்று 1941இல் அறிவித்தார். 1952இல் இருவர் அமரும் சிறிய பெட்ரோல் காரை 2,000 ரூபாய் விலையில் உருவாக்கினார்.

இப்பட்டியலைச் சற்று நிதானமாகப் படித்தால் அம்மனிதரின் உள்ளம் புலப்படும். இவற்றுள் ஒன்றேனும் அன்றாட வாழ்வுக்கு அப்பாற்பட்டதன்று. காலையில் முகம் மழிப்பவர், வெயிலில் வியர்ப்பவர், செய்தி கேட்க வழியற்றவர், தாம் இட்ட வாக்கு எங்கே போயிற்று என்று அறியாதவர் ஆகியோரின் குறைகளைத் தம் கண்ணால் கண்டு செய்தவை அவை. மின்சாரம் எட்டாத சிற்றூர்கள் மிகுந்திருந்த காலத்தில் விளக்கெரிக்கும் எண்ணெயாலேயே விசிறியைச் சுழற்ற எண்ணியவர், பங்கா இழுத்த அந்தப் பெயரறியா ஏழைக்கு நூறாண்டு கழித்து ஒரு விடை அளித்தார் என்றே நாம் கருதுகிறோம்.

ஆயினும் அவர் வாழ்வில் ஒரு துயரமும் கலந்திருந்தது. இரண்டாயிரம் ரூபாய்க் காரைத் தொடர்ந்து உற்பத்தி செய்ய அரசின் அனுமதி கிடைக்கவில்லை. 1945இல் அவர் முன்னின்று கோவையில் நிறுவிய ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்விக்கூடமும் பொறியியற் கல்லூரியும் வேறொரு மோதலுக்கு இடமாயின. நான்கு ஆண்டுப் படிப்பு காலத்தை வீணடிப்பது, செய்முறையோடு கற்பித்தால் இரண்டு ஆண்டே போதும் என்றார் நாயுடு. அரசு அதனை ஏற்கவில்லை. அவர் விலகிக்கொண்டார். அக்கல்லூரியே இன்று கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக விளங்குகிறது. 1974 ஜனவரி 4ஆம் நாள் அவர் மறைந்தார். 2025 அக்டோபரில் அவிநாசி சாலையின் நீண்ட மேம்பாலத்திற்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

அதே அவிநாசி சாலையில் அவருடைய நினைவைப் போற்றும் அருங்காட்சியகத்தில் அவர் செய்த கருவிகள் வைக்கப்பட்டுள்ளன. அவற்றை நினைக்கும்போது வியப்போடு ஒரு நெருடலும் எழுகின்றது. அந்தக் கருவிகள் கண்ணாடிக்குள் இருக்கின்றன. ஒகேனக்கல் பரிசலோ ஆற்றில் இருக்கிறது. நாயுடு செய்தவற்றுள் கண்ணாடிக்குள் அடங்காமல் வெளியே வாழ்வது எது என்று எண்ணிப் பார்த்தோம். 1937இல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு இணைந்து பீளமேட்டில் அவர் உருவாக்கிய மின்மோட்டார் வாழ்கிறது. இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் என்று போற்றப்படுவது அது. அந்த அறிவு ஒரு பட்டறையிலிருந்து மறு பட்டறைக்குச் சென்றது. கைமாறிக் கைமாறிக் கோவை மோட்டாரும் பம்பும் நாடெங்கும் கிணறுகளில் நீர் இறைத்தன. அவர் தொடங்கிய கல்விக்கூடமும் வாழ்கிறது. அவரே தனித்துச் சுமந்தவை அவரோடு நின்றன, பிறர் கையில் சேர்ந்தவை தழைத்தன. இதற்கு அவரை மட்டும் குறைகூறுதல் நேர்மையாகாது. திறந்த மடலை எழுதுபவர் ஒருவர் இருந்தால், அதைப் பெற்றுப் படிக்கும் சமுதாயமும் இருக்க வேண்டும். அனுமதி மறுத்த அலுவலகங்களுக்கும், அயல்நாட்டுப் பொருளையே உயர்வாக எண்ணிய நமக்கும் அதில் பங்குண்டு.

திரு அவையினராகிய நாமும் இப்பழியிலிருந்து முற்றிலும் விலகியவர்கள் அல்லோம். பிரேசில் நாட்டில் ராபர்ட்டோ லாண்டெல் தெ மவுரா என்னும் குருவானவர் வாழ்ந்தார். பங்குப் பணியோடு இயற்பியலும் பயின்ற அவர், கம்பியின்றி மனிதக் குரலை அனுப்பும் முயற்சியில் ஈடுபட்டார். 1901இல் தம் நாட்டிலும், 1904இல் அமெரிக்காவிலும் காப்புரிமைகள் பெற்றார். கம்பியில்லாத் தொலைபேசி, கம்பியில்லாத் தந்தி, அலை பரப்பி என்னும் மூன்றுக்கும் அமெரிக்கா அவருக்கு உரிமை வழங்கியது. ஆனால் அவற்றைத் தொழிலாக்க உதவுவார் எவருமின்றி, 1928இல் பெரிதும் அறியப்படாதவராகவே அவர் இறந்தார். பீடத்தில் நிற்பவர் ஆய்வுக்கூடத்தில் நிற்பதை அன்று பலரால் விளங்கிக்கொள்ள இயலவில்லை.

விவிலியமோ இதில் ஐயத்திற்கு இடமளிக்கவில்லை. விடுதலைப் பயண நூலில், சந்திப்புக் கூடாரத்தின் வேலைக்காக ஆண்டவர் பெட்சலேலைப் பெயர் சொல்லி அழைக்கிறார். பொன், வெள்ளி, வெண்கல வேலைக்கும், கல் இழைக்கவும் மரம் செதுக்கவும் வேண்டிய திறமையைத் தம் ஆவியாலேயே அவருக்கு நிறைக்கிறார். கைத்திறன் தூய ஆவியின் கொடை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. மத்தேயு நற்செய்தியின் தாலந்து உவமையில் மூன்றாம் பணியாளர் திருடவில்லை, வீணாகச் செலவிடவுமில்லை. பத்திரமாகக் காத்தார், அவ்வளவே. அச்சத்தால் புதைத்துக் காத்ததே அவர் குற்றமாயிற்று. ‘காப்பு’ என்னும் சொல்லின் ஆபத்து அங்கே இருக்கிறது.

திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891இல் தொழிலாளர் நிலை பற்றி எழுதிய சுற்றுமடலின் நூற்றாண்டையொட்டி, திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1991இல் மற்றொரு சுற்றுமடல் வெளியிட்டார். நிலவுடைமைக்கு இணையாக அறிவும் தொழில்நுட்பமும் திறனும் இக்காலத்தின் புதிய உடைமையாகிவிட்டன என்று அதில் அவர் சுட்டினார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1987இல் எழுதிய மடலில், எந்தத் தனிச்சொத்தின்மீதும் சமுதாயத்திற்குரிய அடமானம் ஒன்று உள்ளது என்று கற்பித்தார். இரண்டையும் சேர்த்துப் படித்தால், அறிவாகிய சொத்தின்மீதும் ஏழைக்கு உரிமை உண்டு என்ற உண்மை வெளிப்படும். நம் நாட்டின் சட்டமும் ஒருகாலத்தில் இதை உணர்ந்திருந்தது. தமிழகத்தைச் சேர்ந்த நீதியரசர் இராஜகோபால ஐயங்கார் 1959இல் அளித்த அறிக்கையின் வழியே பிறந்த 1970ஆம் ஆண்டுச் சட்டம், உணவுக்கும் மருந்துக்கும் செய்முறைக்கு மட்டுமே உரிமை தந்தது. அதனால் எளிய விலையில் மருந்து பெற்றவர் நம்மில் எத்தனையோ பேர். 2005இல் அந்த நிலை மாறிற்று. ஆயினும் வழிவழி வந்த பொதுஅறிவை எவரும் தமக்கென உரிமையாக்க இயலாது என்ற விதி இன்றும் சட்டத்தில் உண்டு. பரிசலைப் பின்னும் அறிவுக்கு அந்த விதியே அரண்.

கோவை மண் நம் காலத்திலும் ஒருவரை ஈந்தது. மாதவிலக்கு நாள்களில் தம் மனைவி பழந்துணியைப் பயன்படுத்தும் துன்பத்தை 1998இல் உணர்ந்த அருணாசலம் முருகானந்தம், குறைந்த விலையில் அணையாடை செய்யும் சிறு பொறியை ஆண்டுக்கணக்கில் முயன்று உருவாக்கினார். ஊரார் ஏளனம் செய்தனர், வீட்டாரும் சில காலம் பிரிந்திருந்தனர். அவர் மனம் தளரவில்லை. காப்புரிமை பெற்ற பின்னரும் அதைப் பெருநிறுவனத்திற்கு விற்காமல், மகளிர் சுயஉதவிக் குழுக்களின் கையில் பொறியைச் சேர்த்தார். 2016இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். பூட்டிய பெட்டியைத் திறந்த மடலாக்கிய செயல் அது.

மீண்டும் ஒகேனக்கல்லுக்கு வருவோம். அந்த அருவியிலிருந்து சில கல் தொலைவில், தருமபுரி மாவட்டத்தின் ஊர்களில், தலைமுறை தலைமுறையாக மக்கள் ஃபுளோரைடு கலந்த நிலத்தடி நீரைக் குடித்து வந்தனர். குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறை படிந்தது. பெரியோரின் எலும்பும் மூட்டும் இறுகி முதுகு வளைந்தது. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் அந்த உப்பு இருத்தலாகாது என்பது உலக நலவாழ்வு நிறுவனம் வகுத்த அளவு. படிகாரமும் சுண்ணாம்பும் இட்டு வீட்டு வாளியிலேயே அந்நீரைத் தெளிவிக்கும் முறையை நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் 1970களில் வகுத்து, நல்கொண்டாவின் பெயரால் நாட்டுக்கு அளித்தது. காவிரி நீரையே குழாய் வழியே ஊர்களுக்குக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்திற்கு 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஜப்பான் நாட்டின் கடனுதவியோடு நிறைவேறிய அத்திட்டம் 2013இல் மக்களுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஆற்றின் ஓசை கேட்கும் தொலைவில் இருந்தவர்களும் அதுவரை கிணற்று நஞ்சையே குடிக்க நேர்ந்தது. அறிவு மனிதரிடம் இருந்தது. அது தேவையுள்ளவரின் குடத்தை அடைய அத்தனை ஆண்டுகள் ஆயின.

ஆகவே அன்பர்களே, கடிகாரத்தைக் கழற்றிப் பார்க்கும் பிள்ளையை அடிக்காதீர்கள். மதிப்பெண் குறைந்தாலும் கை நிறைந்த பிள்ளைகள் நம் பங்குகளில் உண்டு. கொல்லுப் பட்டறையிலும் தச்சுக் கூடத்திலும் சைக்கிள் கடையிலும் அவர்களைக் காண்கிறோம். நாசரேத்தின் தச்சரைத் தொழுகின்ற நாம் அவர்களைத் தாழ்வாக எண்ணலாகாது. அவர்கள் ஏதேனும் செய்து கொண்டுவந்தால், இது யாருடைய கையை ஓய்விக்கும் என்று அன்போடு கேளுங்கள். விடை நல்லதாயின், அதைப் பலர் கையில் சேர்க்கத் துணைநில்லுங்கள்.

அந்தப் பீடச் சிறுவன் இப்போது தொழிற்பயிற்சி நிலையத்தில் பயில்கிறான். அவனுக்கு நாம் ஒரு விடை கடன்பட்டிருக்கிறோம். முதல் பரிசலைச் செய்தவர் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. அவர் தம் பக்கத்தில் அமர்ந்திருந்தவருக்கு மூங்கிலை எப்படி வளைப்பது என்று காட்டிக்கொடுத்தார். அவர் இன்னொருவருக்குக் காட்டினார். அடுத்த முறை அவன் விடுமுறைக்கு வரும்போது இதைச் சொல்லி, அவனையும் ஆற்றங்கரைக்கு அழைத்துச் சென்று, பரிசல் பின்னும் ஒருவர் அருகில் அமர்த்தி வைக்க எண்ணியுள்ளோம்.